செம்பாட்டுக்காரரின் கப்பல்

இறைப்பு மெசின் வாங்கப் போன என் கணவர் கப்பல் வாங்கிக்கொண்டு வந்தார். இதை எங்கே சொன்னாலும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு, உண்மையில் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். உண்மையில் நடந்ததே அதுதான்.

நாங்கள் புத்தூர் ஆட்கள். செம்பாட்டு மண், வெங்காயம், மிளகாய், ஆழக் கிணறு. என் கணவர் தோட்டம் செய்கிறவர். நான் அச்சுவேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் இரண்டு பேருடைய குடும்பத்திலும் கடலில் கால் நனைத்தவர்கள் உண்டு, ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில். அதற்கு அப்பால் போனவர்கள் ஒருவரும் இல்லை.

அந்த வருசம் கோடை தொடங்கும் நேரம் பார்த்து எங்கள் பழைய டீசல் மெசின் செத்துப்போனது. காரைநகரில் படகு திருத்தும் இடமொன்றில் நல்ல மெசின் ஒன்று விலைக்குக் கிடப்பதாக யாரோ சொல்ல, அவர் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுப் போனார். பின்னேரம் திரும்பி வந்து, கை கால் கழுவி, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து இருந்தார்.

“மெசின் பாத்தனீங்களோ?” என்று நானே கேட்டேன்.

“பாத்தன். ஸ்ராட் பண்ணிக் காட்டிச்சினம். வயித்துக்குள்ளை கிடக்கிற பிள்ளையின்ரை நெஞ்சு மாதிரி ஒரே சீரா அடிக்குது.”

“அப்ப எடுத்தாச்சோ?”

“எடுத்தாச்சு. ஆனா ஒண்டு. மெசின் ஒரு வோட்டுக்குள்ளை கிடக்கு.”

“அதுக்கென்ன, கழட்டிக்கொண்டு வரலாம்தானே?”

“மெசினைத் தனியக் குடுக்க மாட்டினமாம். எடுக்கிறதெண்டால் வோட்டோடை எடு எண்டினம்.” தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “எடுத்திட்டன்.”

“உங்களுக்கு விசரே? மெசின் வாங்கப் போய் ஒரு படகையே வாங்கினீங்கள்?”

“மெசினைக் கழட்டிப்போட்டு மிச்சத்தை விப்பம் எண்டுதான் நினைச்சனான்,” என்றார் அவர்.

நினைத்தது உண்மைதான். ஸ்பானர் சாவிகளையெல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டு மெசின் கழற்றப் போனார். கழற்றாமல் வந்தார். அடுத்த கிழமையும் போனார். அந்த முறையும் சாவிகள் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படாமல் திரும்பி வந்தன. தோட்டத்துக்கு இறைக்கப் பக்கத்து வீட்டு மெசினை இரவல் வாங்கிக்கொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல் ஒருநாள் நானும் பின்னால் ஏறிக்கொண்டு காரைநகருக்குப் போனேன், சண்டை பிடிப்பதற்காகவே.

படகு கரையில் மரக்குற்றிகள்மேல் நின்றது. ஒரு மினிபஸ்ஸைவிடக் கொஞ்சம் நீளம். வெள்ளை நிறம் மங்கி, பழைய பீங்கான் கோப்பை மாதிரி மஞ்சள் பாரித்திருந்தது. உல்லாசப் பயணிகளை ஏற்றலாம் என்று யாரோ தெற்கிலிருந்து கொண்டுவந்து, தொழில் தொடங்கு முன்பே விட்டுவிட்டுப் போன படகு. ஏணி வைத்து ஏறினேன். உள்ளே இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு அடுப்பு மட்டும் வைக்கக்கூடிய குசினி, இருந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் கக்கூஸ். எல்லா இடமும் பூஞ்சண மணம். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பலகை. அதில் கடல் வரைபடம் ஒன்று விரித்து ஒட்டப்பட்டிருந்தது.

நான் கோபத்தை மறந்தது அந்த இடத்தில்தான்.

வாழ்க்கை முழுவதும் பிள்ளைகளுக்குக் குடாநாட்டின் படம் கீறிக் காட்டியவள் நான். என்னுடைய படங்களில் வீதிகளும் ஊர்களும் குளங்களும் இருக்கும்; கடலுக்கு ஒரு நீலச் சோக். இந்தப் படம் அதற்கு நேரெதிர். கடல் முழுக்க எண்கள், கோடுகள், பாறைகள், மணல்திட்டுகள், நீரோட்டங்கள். தரைதான் வெறுமை. புத்தூர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கோப்பாய் இல்லை, அச்சுவேலி இல்லை. இத்தனை வருசம் நான் வெறும் நீலமாகப் பூசிய இடத்தில் இவ்வளவு இருந்திருக்கிறது.

“என்ன, சண்டை பிடிக்கேல்லையோ?” என்று கீழேயிருந்து கேட்டார்.

“பொறுங்கோ, படம் பாத்து முடிக்கேல்லை,” என்றேன்.

மெசினைக் கழற்றும் கதை அன்றோடு முடிந்தது. சோளகக்காற்றும் பிறகு வாடைக்காற்றும் வீசிய மாதங்கள் முழுவதும் நாங்கள் அந்தப் படகோடுதான் கிடந்தோம். காலையில் தோட்டம், மத்தியானம் காரைநகர். அவருடைய பழைய சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, நான் படகின் அடியில் மல்லாந்து கிடந்து சிப்பி சுரண்டினேன். கல்லைப்போல ஒட்டியிருந்தன. சுரண்டச் சுரண்ட முகத்தில் கொட்டின. பைபர் தூள் பட்ட இடமெல்லாம் கடித்தது. வீட்டுக்கு வந்து தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு படுப்பேன். பிறகு உரஞ்சல், பிறகு வெடிப்புகளுக்குப் பூச்சு, பிறகு திரும்பவும் உரஞ்சல், கடைசியில் சிப்பி ஒட்டவிடாத சிவப்புப் பெயின்ற். அவர் மெசினை வெங்காயச் சாக்குகளின்மேல் பரப்பி வைத்து, ஒவ்வொரு துண்டாகத் துடைத்து மாட்டினார். முப்பது வருசம் கிணற்றடியில் மெசினோடு மல்லுக்கட்டியவருக்கு அது புதிதல்ல. உப்புத்தான் புதிது. “தோட்டத்திலை ஒரு கிழமை பிந்தினாலும் பயிர் பொறுக்கும். உப்பு ஒரு நாளும் பொறுக்காது,” என்பார். இன்றைக்குத் துடைத்த செப்புக் குழாய் நாளைக்குப் பச்சை பிடித்திருக்கும். அதுதான் படகு வைத்திருப்பதன் முழு இரகசியமும். கடலில் போவது ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாளெல்லாம் துடைப்பது.

கனடாவிலிருந்து மகள் காணொளியில் கதைக்கும்போது, “அம்மா, இந்த வயதிலை உங்களுக்கு ஏன் உது?” என்று கேட்டாள். என் கையில் சிவப்புப் பெயின்ற் தூரிகை இருந்தது. அதைக் காட்டிவிட்டு அடுத்த பக்கம் பூசப் போனேன்.

தை கழிந்து கடல் படிந்ததும் படகை இறக்கி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்க் கட்டினோம். அந்த முதல் ஓட்டத்திலேயே ஒரு பேருண்மை வெளிப்பட்டது. என் கணவருக்குக் கடல் ஒத்துவராது. துறையை விட்டு நூறு மீற்றர் போகவில்லை, ஆள் தேசிக்காயை மூக்கில் வைத்துக்கொண்டு தளத்தில் சரிந்துவிட்டார். சித்திரை வெயிலில் நாள் முழுக்க நின்று மண் கொத்துகிற மனிதன்.

“இஞ்சாரும், சுக்கானை நீர் பிடியும்,” என்றார் கண்ணை மூடிக்கொண்டு.

நான் சுக்கானைப் பிடித்தேன். அன்றைக்குப் பிடித்ததுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒப்பந்தம் அப்படியே நிலைத்துவிட்டது. மெசின் அவருடையது, கடல் என்னுடையது.

ஊர்காவற்றுறையில் எங்களுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு உல்லாசப் படகுகள் நின்றன. ஒன்று, யாழ்ப்பாணம் ரவுணில் இரும்புக்கடை வைத்திருக்கும் நானாவுடையது. தொண்ணூறில் யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பதினான்கு வயது; புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே களப்பில் நீந்தவும் படகோட்டவும் பழகி, கடையைத் திரும்பத் திறக்க வந்தபோது படகையும் கொண்டுவந்தார். மரத்தால் செய்த கனமான படகு, ஆழமாக அமிழ்ந்து ஓடும். மற்றது, நோர்வேயில் பல் வைத்தியராக இருந்து ஓய்வுபெற்று வந்த டொக்டருடையது. இரண்டு மெசின், பளபளக்கிற கண்ணாடி, திரையில் ஆழம் காட்டுகிற கருவிகள். பல்லைப் போலவே படகையும் ஒரு நாளைக்கு இரண்டு தரம் துலக்குகிறார் என்று நானா பகிடி விடுவார். இரண்டு பேருக்கும் நான் ‘ரீச்சர்’. டொக்டருடைய தங்கச்சியின் மகள் என்னிடம் படித்தவளாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று படகும் சேர்ந்து எழுவைதீவு, அனலைதீவு என்று போவோம். கரைக்கு அண்மையாக நங்கூரம் போட்டு, படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி, சாப்பாட்டை மாறி மாறிக் கொடுப்போம். நானாவின் மனைவி செய்த வட்டிலப்பம் எங்கள் படகுக்கு வரும். எங்கள் தோட்டத்துக் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு அங்கே போகும். டொக்டர் பெரும்பாலும் பாணும் ரின்னில் அடைத்த மீனும். அவருக்கு நாங்கள் இரண்டு வீடும் கொடுப்போம். கதை முழுவதும் படகைப் பற்றித்தான். எந்தக் கயிறு உக்காது, எந்தப் பற்றரி ஏமாற்றும், எங்கே டீசலில் தண்ணீர் கலக்கிறார்கள். பிள்ளை குட்டி, காணி வழக்கு என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. அறுபதுக்குக் கிட்ட எனக்குக் கிடைத்த புதுச் சிநேகிதம் அது.

அதற்குள் ஒரு அவமானமும் நடந்தது. ஒரு நாள் நாங்கள் தனியாக வெளிக்கிட்டுப் போய்த் திரும்பும்போது மெசின் சூடேறி நின்றுவிட்டது. கடல்நீரை உறிஞ்சும் குழாயில் சாதாழைக் கடற்பாசி அடைத்து, பம்பின் ரப்பர் சக்கரம் பிய்ந்து போயிருந்தது. ஒரு மீன்பிடி வள்ளம் கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டு வந்தது. அன்றைக்குப் பார்த்து என் கணவரின் தமையன் குடும்பத்தோடு நயினாதீவுக்குப் போய்விட்டு, படகு பார்க்கவென்று துறையில் வந்து நின்றார். நாங்கள் மாடு மாதிரி இழுபட்டு வருகிறதைப் பார்த்தார். அடுத்த நாள் புத்தூர்ச் சந்தியில் எங்கள் படகுக்குப் பெயர் விழுந்துவிட்டது: ‘கயித்துக் கப்பல்’. கலியாண வீட்டிலும் அதுதான் கதை, செத்த வீட்டிலும் அதுதான் கதை.

என் கணவர் மெசினடியில் குந்தினார். குழாய்க்கு இரட்டை வலை வைத்தார். ரப்பர் சக்கரம் மூன்று வாங்கிப் படகில் வைத்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு அதை மாற்றப் பழகினார். நான் சொல்வது மெய்யாகவே துவாயால் கண்ணைக் கட்டிக்கொண்டு.

மூன்றாம் வருசம் மாசி முடிய நானாதான் கதையைத் தொடக்கினார்.

“தீவுப் பக்கமே சுத்திக்கிட்டிருந்தா என்ன? வடக்குக் கரையாலை பருத்தித்துறைக்குப் போவம். ரெண்டு நாள் நிண்டிட்டு வருவம்.”

ஊர்காவற்றுறையிலிருந்து வெளிக் கடலுக்கு இறங்கி, காரைநகரைச் சுற்றி, மாதகல், கீரிமலை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை எல்லாம் தாண்டிப் போகவேண்டும். ஒரு பகல் ஓட்டம். அங்கே ஒதுங்கக் களப்பு இல்லை. கரையோரம் முழுக்க முருகைக்கல் பாறை. டொக்டர் என் பக்கம் திரும்பினார்.

“ரீச்சர், குறை நினைக்கக்கூடாது. உங்கடையிலை ஒரு மெசின்தான். அண்ணைக்கும் கடல் ஒத்துவராது. நீங்கள் ரெண்டு பேரும் என்ரையிலை வாங்கோவன்.”

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் சுட்டது.

“இல்லை டொக்டர். வாறதெண்டால் நான் என்ரை வோட்டிலைதான் வாறன்.”

என் கணவர் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, “ரீச்சர் சொன்னால் சரிதான்,” என்றார். அவர் என்னை ரீச்சர் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

புறப்படுவதற்கு முதல் கிழமை நான் புத்தூரில் பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போனேன். கரையில் நின்று பாறைக்கு இடையிலுள்ள வாயைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவில் ஒரு துண்டுக் கடல் மட்டும் கறுப்பாகக் கிடந்தது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களிடம் வழி கேட்டேன். வாட்டசாட்டமான ஒரு மனிதர் எழும்பி வந்து கையை நீட்டிக் காட்டினார்.

“அங்கை நிக்கிற மஞ்சள் சுவரும், அதுக்குப் பின்னாலை தெரியிற தண்ணித் தாங்கியும் ஒரே நேர் கோட்டிலை வரவேணும். வந்தால் யோசிக்காமல் உள்ளை விடுங்கோ. கோடு பிரிஞ்சால் வெளியாலை போயிடுங்கோ. ஆர் ஓட்டிறது?”

“நான்தான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சேலையில் நின்றேன், கையில் குடை. “அப்ப வடிவாப் பாருங்கோ,” என்று இன்னொரு தரம் காட்டினார்.

பங்குனியில் ஒரு விடியற்காலை, கடற்படையிடம் பாதையைச் சொல்லி அனுமதி எடுத்துக்கொண்டு, மூன்று படகும் வெளிக்கிட்டோம். கடலுக்கு நடுவில் நிற்கும் பழைய கோட்டையைத் தாண்டும்போது கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. என் கணவர் இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, மெசின் மூடிக்குப் பக்கத்தில், காதை வைக்காத குறையாகப் படுத்திருந்தார். அவருக்குத் தெரிவதெல்லாம் அந்தச் சத்தம்தான். ஆயிரத்து எண்ணூறு சுற்றுக்கு மேலே போனால் படுத்தபடியே விரலைக் காட்டி இறக்கச் சொல்வார்.

காரைநகரைச் சுற்றியதும் வெளிக் கடல் எங்களைத் தூக்கியது. களப்பில் இல்லாத ஒரு நீண்ட மூச்சு. படகு ஏறி, நின்று, இறங்கியது. முதல் மூன்று நான்கு தரம் சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டேன். பிறகு அதன் தாளம் பிடிபட்டுவிட்டது. வலப்பக்கம் முழுவதும் என் குடாநாடு. பனைகளின் கறுப்புக் கோடு, வெள்ளை மணல், ஒரு தேவாலயக் கோபுரம். கீரிமலையை நான் கடலிலிருந்து பார்த்தேன். நாங்கள் காலம் காலமாகக் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிற படிக்கட்டு, ஒரு தீப்பெட்டி அளவில். பறக்கும் மீன்கள் படகின் மூக்குக்கு, அணியத்துக்கு, முன்னால் தெறித்துத் தெறித்துப் போயின. சுண்ணாம்புக்கல் படை, கரையோர அரிப்பு, நீரோட்டம் என்று கரும்பலகையில் எழுதிய சொல்லெல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தது. நான் வாய்விட்டுப் பாடினேன். மெசின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை.

“ரீச்சர், எப்பிடி?” படகுக்குப் படகு கதைக்கும் வானொலியில் நானா.

“பேந்து சொல்லுறன். இப்ப கதைக்க நேரமில்லை!”

வல்வெட்டித்துறை தாண்டும் மட்டும் ஒரு குறையும் இல்லை. மத்தியானம் திரும்ப வடகிழக்கிலிருந்து காற்று எழும்பியது. பெரிய காற்றில்லை, ஆனால் அலை கரைப்பக்கமாகத் தள்ளத் தொடங்கியது. டொக்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய படகு பக்கவாட்டாகத் திரும்பி நின்றது.

“ரெண்டு மெசினும் நிண்டிட்டுது,” என்றார் வானொலியில். குரல் பதறவில்லை, பல் பிடுங்கும்போது கதைக்கிற குரல் அப்படித்தான் இருந்திருக்கும். “மிதந்து வந்த நைலோன் வலை. ரெண்டு புரொப்பெல்லரிலையும் சுத்திட்டுது. நங்கூரம் போட்டிட்டன். ஆனா பிடிக்கேல்லை. இழுபடுது.”

அவருக்குப் பின்னால் வெள்ளையாக அலை உடையும் சத்தம் எனக்கே கேட்டது. பாறை.

நானா உடனே சொன்னார்: “என்ரை வோட் ஆழம். அங்கினைக்குள்ளை வந்தா நானும் தட்டிருவன். ரீச்சர், உங்களாலை போகலாம்.”

என்னால் போகலாம் என்று எனக்கும் தெரிந்தது. அந்தப் படத்திலுள்ள எண்களை நான் மூன்று வருசமாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். டொக்டரின் படகு நின்ற இடத்தில் எங்கள் படகுக்கு இன்னும் தண்ணீர் இருந்தது. அதற்கு அப்பால் இல்லை.

“இஞ்சாருங்கோ!” என்று கத்தினேன். “எழும்புங்கோ! கயிறு!”

அவர் எழும்பினார். முகம் பச்சை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, தடித்த கயிற்றை எடுத்துப் பின்புறக் கட்டைகள் இரண்டிலும் கட்டினார். நான் காற்றுக்கு எதிராக முகத்தைக் கொடுத்து, டொக்டரின் அணியத்துக்கு முன்னால் கொண்டுபோய், மெல்ல மெல்லப் பின்வாங்கினேன். முதல் வீச்சுத் தண்ணீரில் விழுந்தது. இழுத்துச் சுருட்டித் திரும்ப எறிந்தார். கிணற்றுக்குள் துலாக்கயிறு விட்ட கை. இரண்டாம் தரம் கயிறு டொக்டரின் நெஞ்சிலேயே போய் விழுந்தது. அவர் கட்டினார். நங்கூரத்தை ஏற்றினார். கையைத் தூக்கினார். நான் மெசினை முன்னுக்குப் போட்டேன்.

கயிறு விறைத்தது. படகு நகரவில்லை. பின்னால் கரும்புகை. சத்தம் இறங்கிக்கொண்டு போனது.

“வேகம் கூட்டாதையும்!” அவர் மெசின் மூடிமேல் கையை வைத்திருந்தார். “பொறும்… அலை தூக்கட்டும்… பொறும்… இப்ப குடும்!”

கொடுத்தேன். அலை தூக்கிய அந்த நொடியில் டொக்டரின் படகு அசைந்தது. “விடும்… விடும்… இப்ப குடும்!” ஒவ்வொரு அலைக்கும் ஒரு தரம். தோட்டத்தில் இறைக்கும்போது வாய்க்கால் மாற்றுகிறவரும் மெசினடியில் நிற்கிறவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பது போலத்தான். அவர் சொல்ல நான் செய்தேன். நான் பார்த்த இடத்துக்கு அவர் மெசினைக் கொண்டுவந்தார். அந்த வெள்ளைச் சத்தம் பின்னால் பின்னால் போனது. படத்தில் நாங்கள் நின்ற இடத்து எண்கள் ஆழமாகிக்கொண்டு வந்தன. கடல் பச்சையிலிருந்து நீலமாகியது.

நானா எங்களுக்காக ஆழத்தில் காத்திருந்தார். சாரத்தை மடித்துக் கட்டி, மீன் வெட்டும் கத்தியோடு குதித்தார். மூச்செடுக்க வருவதும் கீழே போவதுமாகக் கனநேரம். கடைசியில் ஒரு ஆளின் தலை அளவு பச்சை நைலோன் உருண்டையைத் தூக்கிக் காட்டினார்.

“டொக்டர், சொத்தைப் பல்லு! பிடுங்கியாச்சு!”

டொக்டர் சிரித்த சிரிப்பில் மூன்று படகும் ஆடியது. அவருடைய மெசின்கள் இரண்டும் உடனே பற்றின. ஆனால் அவர் முன்னால் போகவில்லை.

“ரீச்சர், நீங்கள் முன்னாலை போங்கோ,” என்றார். “நாங்கள் பின்னாலை வாறம்.”

அப்படித்தான் போனோம். பருத்தித்துறை வெளிச்சவீடு தெரிந்தது. மஞ்சள் சுவர் தெரிந்தது. தண்ணீர்த் தாங்கி அதற்கு வலப்பக்கமாக விலகி நின்றது. நான் இன்னும் கொஞ்சம் கிழக்கே ஓடினேன். தாங்கி மெல்ல மெல்ல நகர்ந்து சுவருக்குப் பின்னால் வந்து, அதன் உச்சியில் குந்தியது. யோசிக்காமல் சுக்கானைத் திருப்பினேன். இரண்டு பக்கமும் அலை வாயைப் பிளந்து நுரைத்தது. நடுவில் அந்தக் கறுப்புத் தண்ணீர், தார் போட்ட வீதி மாதிரி. உள்ளே போனதும் சத்தமெல்லாம் யாரோ கதவைச் சாத்தியதுபோல நின்றுவிட்டது.

துறையில் சனம். கரையிலிருந்தவர்கள் கயிறு இழுபட்டதையெல்லாம் பார்த்திருக்கிறார்கள். விசில் அடித்தார்கள். வழி காட்டிய அந்த மனிதர் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று எங்கள் கயிற்றை வாங்கினார். அவருக்குப் பின்னால், நான் எதிர்பாராமல், ஒரு வான் நிறையப் புத்தூர்ச் சனம். தமையனார்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“பிள்ளை, நீரே ஓட்டிக்கொண்டு வந்தனீர்?”

“ஓம் அண்ணை. கயித்துக் கப்பல்தான். ஆனால் இண்டைக்குக் கயிறு எங்கடை பின்பக்கத்திலை கட்டிக் கிடந்தது.”

அவர் குனிந்து எங்கள் பின்பக்கக் கட்டைகளைப் பார்த்தார். பிறகு அவர்தான் எல்லாரையும்விட உரத்துச் சிரித்தார். என் கணவர் கரையில் இறங்கி, தரை இன்னும் ஆடுகிறதென்று ஒரு வள்ளத்தின் விளிம்பில் இருந்துவிட்டார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் மெசினைப் பற்றிக் கேட்க, ஆளின் முகத்தில் நிறம் வந்தது. ஒரே சீரா அடிக்கிற நெஞ்சு என்று அங்கேயும் தொடங்கிவிட்டார்.

அன்று பின்னேரம் படகுத் தளத்தில் பருத்தித்துறை வடையும் பிளேன் ரீயும். எங்கள் ஆட்கள் எல்லாரும் ஏறிப் பார்க்கவேண்டும் என்றார்கள். சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன். கட்டில்களில் இருந்து பார்த்தார்கள், கக்கூஸ் கதவைத் திறந்து மூடினார்கள், தமையனாரின் மனைவி, என் மச்சாள், குசினி அடுப்பைப் பற்ற வைத்தே பார்த்தாள்.

எல்லாரும் போன பிறகு, வழி காட்டிய மனிதரின் மனைவி துறையில் தனியாக நின்றாள். என் வயது இருக்கும். படகின் பக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ரீச்சர், உங்களுக்குப் பயமில்லையே?”

“இருக்கு. நீங்கள் கடலுக்குப் போற ஆக்கள். உங்களுக்குத் தெரியாததே?”

“எங்கை? அவர்தான் போறவர். கலியாணம் கட்டின நாளிலை இருந்து கரையிலை நிண்டு பாக்கிறதுதான் என்ரை வேலை. நான் ஒருநாளும் ஏறிப் போகேல்லை. எங்கடையிலை பொம்பிளையள் போறேல்லை.”

“நாளைக்குக் காலமை வாங்கோ,” என்றேன்.

அவள் வந்தாள். தனியாக வரவில்லை. வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போகிறதுபோல நல்ல சேலை உடுத்தி, பூ வைத்து, ஒன்பது பத்துப் பெண்கள். உயிர்காப்பு அங்கி போதாமல் டொக்டரிடமும் நானாவிடமும் இரவல் வாங்கினோம். சேலைக்குமேல் செம்மஞ்சள் அங்கியைக் கட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கரையில் அவர்களுடைய புருசன்மார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்; அவருடைய மனைவி படகிலிருந்தபடியே ஒரு பார்வை பார்த்தாள். அவர் எங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

பாறை வாயால் வெளியே போகும்போது அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். பிறகு அலையின் தாளம் பிடிபட்டதும் ஒருவர் பின் ஒருவராகக் கம்பியை விட்டு எழும்பி நின்றார்கள். அவள் என் பக்கத்தில் வந்து நின்று கரையைப் பார்த்தாள். தன்னுடைய ஊரைத் தேடினாள்.

“அது ஆரின்ரை வீடு… எங்கடையே? எணேய், இஞ்சை வந்து பார், எங்கடை வீடு! கோயிலுக்குப் பக்கத்திலை! இவ்வளவு சின்னனே?” கரையில் ஒரு புள்ளியாக நின்ற மனிதரைக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினாள். “அந்தா, பாத்துக்கொண்டு நிக்கிறார். நிக்கட்டும். இண்டைக்கு அவர் நிக்கட்டும்.”

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கரைக்குத் திரும்பச் சுக்கானை வளைத்தேன். அவள் என் கையின்மேல் தன் கையை வைத்தாள். மீன் செதில் அறுத்துத் தழும்பேறிய, சூடான கை.

“ரீச்சர்,” என்றாள், “இன்னும் கொஞ்சத் தூரம் விடுங்கோ.”

என் கணவர் மெசின் மூடிக்குப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கி, இன்னும் வேகம் கூட்டலாம் என்று காட்டினார். நான் கூட்டினேன்.